குழாய்நீர்க் கட்டணமும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இவ்வவையில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட இருக்கின்றது. நகராட்சியார் குடிநீர்க் கட்டணத்தையும் பாதாளச் சாக்கடைக் கட்டணத்தையும் உயர்த்த எண்ணி விடுத்துள்ள அறிவிப்பை நம் சங்கம் வன்மையாகக் கண்டிக்கின்றது என்பது அதன் வாசகம். வாக்கெடுக்குமுன் இப்பொருள் பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்குக் குழாய்க் கணக்கு எதற்கு என்று சிலர் நகைத்தல் கூடும். புணர்ச்சி விதி கற்பிப்போன் கூட்டலும் கழித்தலும் ஓரளவு அறிந்திருப்பான் எனப் பொறுத்தருள வேண்டுகின்றோம். கண்டித்தல் வேண்டா என்று சொல்ல யாம் வந்தோமல்லம். எதனைக் கண்டிப்பது, எதனைக் கேட்டுப் பெறுவது என்று தெளிந்தபின் கண்டிக்க வேண்டும் என்பதே எம் கருத்து.

முதலில் நம் தாய்மார் பலர் கேட்கும் வினாவை எடுத்துக்கொள்வோம். "மழை இறைவன் தந்தது. அதற்கு மனிதன் விலை வைப்பது அறமாகுமா?" என்பது அவ்வினா. வள்ளுவனார் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார் என்பதை நினைவார்க்கு இவ்வினா எளிதென்று தோன்றாது. மழைக்கு விலை இல்லை என்பது மெய்யே. ஆயின் வானிலிருந்து வீழ்ந்த மழை தானே நடந்து நம் அடுக்களைக்கு வருவதில்லை. ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். அதனைத் தேக்க அணை வேண்டும். தெளிவிக்கப் படிகாரமும் குளோரினும் வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற மின்சாரம் வேண்டும். தெருத்தெருவாய்க் கொண்டுசெல்லக் குழாய் வேண்டும். இரவும் பகலும் காத்திருக்க ஆட்கள் வேண்டும். நாம் செலுத்தும் பணம் நீரின் விலையன்று. நீரைச் சுமந்து வரும் கூலி என்க.

இக்கூலி ஆண்டுதோறும் உயர்ந்து வருவதன் காரணத்தைச் சென்னை மாநகரின் வரலாறு நன்கு காட்டும். 1872ஆம் ஆண்டில் செங்குன்றத்து ஏரிநீர் அந்நகருக்கு வரத் தொடங்கியது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் நீரை வடித்துத் தூய்மையாக்கும் நிலையம் அமைந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. அவையெல்லாம் அண்மையிலுள்ள நீர். அது போதாமையால் 1996 முதல் கிருஷ்ணை ஆற்றின் நீர் ஆந்திர நாட்டுக் கால்வாய் வழியே வந்தது. 2004இல் வீராணத்து ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு குழாய் வழியே நீர் வந்தது. அதுவும் போதாமையால் 2010இல் மீஞ்சூரிலும், 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் பிரிக்க மூன்று அல்லது நான்கு யூனிட் மின்சாரம் செலவாகின்றது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, சூலைத் திங்களில், சோலையார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் இருப்புப்பாதை வழியே அந்நகருக்கு வந்ததை யாவரும் கண்டோம். அண்மை நீர் கெடுந்தோறும் சேய்மை நீரின் கூலி மிகும். ஏரியைத் தூர்த்து மனை வகுத்தவர் கொண்ட ஊதியத்துக்கு, இன்று குழாயில் நீர் பிடிப்பவர் கட்டணம் செலுத்துகின்றனர் என்று கூறினும் பிழையாகாது.

முன்னாளில் நம் முன்னோர் இதற்குக் காசு கொடுத்தாரல்லர் என்பர். உண்மை. ஆயின் உழைப்புக் கொடுத்தனர். குடிமராமத்து என்னும் பெயரால் வீட்டுக்கு ஓராள் சென்று கரை உயர்த்தியும் மதகு திருத்தியும் வண்டல் வாரியும் ஏரியைப் பேணினர். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றொரு குழு குறிக்கப்பட்டுள்ளது. அதற்கு உறுப்பினர் அறுவர். வாரியத்திருந்து கணக்குக் காட்டாது சென்றவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. இன்று குடிநீர் வழங்கும் நிறுவனங்களுக்கும் வாரியம் என்றே பெயர். பெயர் ஒன்றாயிருத்தல் போதாது. கணக்குக் காட்டும் அவ்விதியும் உடன்வருதல் வேண்டும். அதே வேளையில் மற்றொன்றையும் மறைத்தல் தகாது. அச்சபையில் நிலமும் மனையும் கல்வியும் உடையார்க்கே இடமிருந்தது. நம் பாட்டனார் வெட்டிய கிணறும் எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. யார் இறைக்கலாம், யார் எட்டி நின்று பிறர் ஊற்றக் காத்திருக்க வேண்டும் என்பது ஊரறிந்த செய்தி. குழாய்நீரின் பெருமை யாதெனில், அது வீட்டுக்காரன் யார் என்று கேட்பதில்லை. அதனைப் பொதுச்செலவில் பேணுதல் அக்கிணற்றின் பழிக்குக் கழுவாயுமாகும்.

இனிக் கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்று காண்போம். விளக்கத்தின் பொருட்டு ஓர் ஊரைக் கற்பித்துக்கொள்வோம். அவ்வூரில் குழாய் இணைப்புகள் 10,000. ஓராண்டுச் செலவு 6 கோடி ரூபாய். இதில் கடனும் வட்டியும், சம்பளமும், குழாய் பழுது பார்த்தலும், பழையன மாற்றுதற்கு ஒதுக்கும் நிதியும் சேர்ந்து நாலரைக் கோடி. ஒரு குடம் நீரும் ஓடாவிடினும் இச்செலவு நிற்காது. எஞ்சிய ஒன்றரைக் கோடி மின்சாரத்துக்கும் மருந்துக்கும், பிறரிடம் மொத்தமாய் வாங்கும் நீருக்கும் ஆவது. இது நீர் மிகுந்தால் மிகும்; குறைந்தால் குறையும். ஆண்டில் இறைக்கப்படும் நீர் 36 லட்சம் கிலோலிட்டர் என்க. கிலோலிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். 6 கோடியை 36 லட்சத்தால் வகுத்தால் கிலோலிட்டருக்கு 16 ரூபாய் 67 காசு.

கணக்கு இத்துடன் முடிந்தால் நன்று. ஆயின் இறைத்த நீர் முழுதும் வீடு சேர்வதில்லை. மூன்றில் ஒரு பங்கு உடைந்த குழாயிலும், களவிணைப்பிலும், ஓடாத மீட்டரிலும் மறைகின்றதாக வைத்துக்கொள்வோம். அப்போது விலை பெறும் நீர் 24 லட்சம் கிலோலிட்டரே. 6 கோடியை 24 லட்சத்தால் வகுத்தால் 25 ரூபாய். மண்ணுக்குள் ஒழுகிய நீரின் விலையையும் ஒழுங்காகச் செலுத்துவோனே சுமக்கின்றான். ஒழுக்கை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் 30 லட்சம் கிலோலிட்டர் விலை பெறும். கட்டணம் 20 ரூபாயாக இறங்கும். ஆதலின் கட்டண உயர்வு கேட்பாரை நாம் முதற்கண் கேட்க வேண்டிய வினா, "எவ்வளவு உயர்த்துகின்றீர்?" என்பதன்று, "எவ்வளவு ஒழுகுகின்றது?" என்பதே.

அடுத்து, தொகையை யார் யார்க்கு எவ்வாறு பகிர்வது என்னும் சிக்கல். ஒரு முறை, வீட்டின் ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று வரியாகக் கொள்வது. சென்னைக் குடிநீர் வாரியம் குடிநீர், கழிவுநீர் வரியாக ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 7 கொண்டுவந்துள்ளது; அதனோடு பயன்பாட்டுக் கட்டணமும் வேறாக உண்டு. வரிமுறையில் பெருவீட்டார் மிகுதியாகவும் சிறுவீட்டார் குறைவாகவும் செலுத்துவர் என்பது நலம். நீரை வீணாக்குவோனும் சிக்கனமாய் இருப்போனும் ஒரு தரமாவர் என்பது குறை. இரண்டாம் முறை, எல்லா இணைப்புக்கும் ஒரே தொகை. நாம் கற்பித்த ஊரில் நிலையான செலவை மட்டும் இவ்வாறு பகிர்ந்தாலும் இணைப்புக்குத் திங்கள்தோறும் 375 ரூபாய் ஆகும். நாலு குடம் பிடிக்கும் கைம்பெண்ணும், தோட்டத்துக்குப் பாய்ச்சும் செல்வரும் அதனையே செலுத்துதல் முறையோ? மூன்றாம் முறை, மீட்டர் வைத்து அளந்தபடி வாங்குவது. இது நேர்மையானது. எனினும் முழுதும் அளவையே நம்பின், பஞ்ச காலத்தில் மக்கள் சிக்கனம் செய்ய வருவாய் வீழும். கடனும் சம்பளமும் வீழா. அதனால் அறிந்தோர் சிறு நிலைக்கட்டணமும் அளவுக் கட்டணமும் கலந்தே விதிப்பர்.

அளவுக் கட்டணத்திலும் படிமுறை ஒன்று உண்டு. முதற்படி நீருக்குக் குறைந்த விலை, மேற்படி நீருக்கு மிகுந்த விலை என்பது அது. ஏழைக்கு இரக்கம், வீணனுக்குத் தண்டம் என்று கேட்போர் மகிழ்வர். இங்கேதான் நாம் விழித்திருத்தல் வேண்டும். முதல் 10 கிலோலிட்டருக்கு 10 ரூபாய் வீதமும், அடுத்த 10க்கு 25 ரூபாய் வீதமும், அதற்குமேல் 40 ரூபாய் வீதமும் என்று கொள்வோம். நால்வர் வாழும் தனிவீடு திங்களுக்கு 10 கிலோலிட்டர் செலவிட்டால் கட்டணம் 100 ரூபாய். ஆறு குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் வளவில் ஒரே இணைப்பு. அங்கும் ஆளுக்கு அதே அளவு நீரே செலவாகின்றது. இருபத்து நால்வர்க்கு 60 கிலோலிட்டர். கட்டணமோ 100, 250, 1,600 ஆக 1,950 ரூபாய். குடும்பத்துக்கு 325 வீழ்கின்றது. ஒரு சொட்டும் மிகையாகச் செலவிடாதவர் மும்மடங்குக்கு மேல் செலுத்துகின்றனர். ஏழைக்கென வைத்த படி ஏழையின் தலையிலேயே இடித்த கதை இது. நம் சங்கத்து மாணவர் இல்லத்தை எண்ணுங்கள். 60 பிள்ளைகளுக்கு ஒரே குழாய். அதே கணக்கில் 150 கிலோலிட்டருக்கு 5,550 ரூபாய். பிள்ளைக்கு 92 ரூபாய் 50 காசு. தனிவீட்டில் ஆளுக்கு 25 ரூபாய்.

இஃது எம் கற்பனைக் கணக்கு மட்டும் அன்று. தென்னாப்பிரிக்க அரசு 2001 முதல் குடும்பத்துக்குத் திங்கள்தோறும் 6 கிலோலிட்டர் நீர் விலையின்றித் தரும் கொள்கையை மேற்கொண்டது. நாளொன்றுக்கு ஆளுக்கு 25 லிட்டர், வீட்டுக்கு எண்மர், முப்பது நாள் என்பது அதன் கணக்கு. நோக்கம் நன்று. ஆயின் சோகன்னசுபர்க்கு நகரத்துப் பிரி என்னும் பகுதியில் ஒரே மனையில் இருபதின்மர் வாழ்ந்தனர். அவர்க்கும் அதே 6 கிலோலிட்டர். அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2009இல் அந்நாட்டு அரசியற்சட்ட மன்றம் நகரத்தின் கொள்கை முறையற்றதன்று எனத் தீர்த்தது. வழக்கில் தோற்றனர், ஆயினும் வழக்கு நடந்த காலத்திலேயே நகரத்தார் தம் கொள்கையைப் பன்முறை திருத்தினர் என்பதை அம்மன்றமே எடுத்துரைத்தது. கேட்டவர்க்குத் தீர்ப்பு வாராவிடினும் திருத்தம் வந்தது. எனவே நாம் கேட்க வேண்டுவது, இணைப்பை எண்ணாது குடும்பத்தையும் தலையையும் எண்ணுக என்பதே.

உயர்வு ஏன் திடீரென இடிபோல் வருகின்றது என்றும் கேட்கலாம். ஆண்டுதோறும் சிறிது உயர்த்தினால் தேர்தலில் வாக்குக் குறையும் என்றஞ்சிப் பல்லாண்டு வாளா இருந்து, பின்னர் ஒருங்கே ஏற்றுவதே பல ஊர்களின் வழக்கம். நம் பிள்ளைகள் பலர் சென்று தொழில் செய்யும் சிங்கப்பூரிலும் 2000ஆம் ஆண்டுக்குப்பின் 2017 வரை நீர்விலை மாறவில்லை. பின் 2017, 2018 ஆகிய ஈராண்டில் இருபடியாக நூற்றுக்கு 30 உயர்ந்தது. அங்கே பாராட்டத்தக்கது ஒன்று உண்டு. விலையை உள்ளபடி வைத்துவிட்டுச் சிறுமனைகளில் வாழ்வார்க்கு அரசு தனியே உதவித்தொகை வரவு வைக்கின்றது. கட்டணத்தைக் குறைத்துச் செல்வர்க்கும் சேர்த்துச் சலுகை தருதலினும், வறியார்க்கு நேரே ஈதல் சிறந்தது.

இனிக் கழிநீர். நம் தீர்மானம் இதனைப் பெரிதும் கண்டிக்கின்றது. "நீர் வந்தது, அதற்குக் கொடுத்தோம். போன நீருக்கும் கொடுப்பதா?" என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்க, அவை கைதட்டிற்று. போன நீருக்கு மீட்டர் வைத்தல் அரிது. அதனால் சில நகரங்கள் வந்த நீரில் ஒரு பங்கெனக் கணக்கிடுகின்றன; சில வீட்டு மதிப்பின்மேல் விதிக்கின்றன. சிங்கப்பூரில் 2017 வரை வீட்டிலுள்ள கழிப்பறைச் சாதனங்களின் எண்ணிக்கைப்படி ஒரு கட்டணமும் இருந்தது. பின்னர் அது நீரின் அளவோடு சேர்க்கப்பட்டது. முறை எதுவாயினும் செலவு மெய்யானது. சாக்கடை நீர் பள்ளம் நோக்கி ஓடும். பள்ளம் முடிந்த இடத்தில் மீண்டும் மேலேற்றல் வேண்டும். பின் தூய்மை செய்தல் வேண்டும். செய்யாவிடின் அது நம் ஆற்றிலும் கிணற்றிலும் கலந்து, நாளைக்கு நம் குடிநீர்ச் செலவாகத் திரும்பி வரும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் கழிநீரை மும்முறை தூய்மை செய்து ஆலைகளுக்கு விற்கின்றனர். அவ்வளவுக்கு நன்னீர் குடிப்பதற்கு எஞ்சுகின்றது.

ஆயினும் எம் நெஞ்சில் உள்ள காரணம் வேறு. சாக்கடை அடைத்தால் யார் இறங்குகின்றார்? நம் பிள்ளை இறங்குவதில்லை. மனிதன் மலக்குழியில் இறங்கி வெறுங்கையால் துப்புரவு செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. 1993 முதல் சாக்கடையில் மாண்டார் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தருக என 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது; 2023இல் அத்தொகையை முப்பது லட்சம் ஆக்கிற்று. தொகை உயர்த்த வேண்டி வந்ததே, சாவு நின்றிலது என்பதற்குச் சான்று. அடைப்பு நீக்கும் நீர்ப்பீச்சு வண்டியும், உறிஞ்சு வண்டியும், அவற்றை ஓட்டுவார் ஊதியமும் கழிநீர்க் கட்டணத்திலிருந்தே வருதல் வேண்டும். அக்கட்டணத்தைக் கொடாது, பாதாளச் சாக்கடையிலும் இணையாது, தொட்டி நிரம்பியபோது மலிவான ஆளைத் தேடும் வீடு, தான் மிச்சம் பிடித்த காசை எவன் உயிரிலிருந்து பிடித்தது என்று எண்ணுதல் வேண்டும். ஒரு குலத்தார் கூடிய சங்கத்தில் இதனைச் சொல்லுவது பொருத்தமே. குழியில் இறங்குவாரும் ஒரு குலத்தில் பிறந்தாரே. அவர்க்கும் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

பிறரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் கல்யாண மண்டபத்துக்கு வணிகக் கட்டணம் விதித்ததை வீட்டுக் கட்டணமாக மாற்றக் கோரி ஒரு பிரிவு தீர்மானத்தில் உள்ளது. மண்டபம் வாடகை ஈட்டுகின்றது. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரவர் உண்டு கைகழுவுகின்றனர். அதற்கு வணிகக் கட்டணம் முறையே. மண்டபத்தையும் மாணவர் இல்லத்தையும் ஒரே மூச்சில் பேசினால் இல்லத்தின் நேர்மையான வழக்கும் கெடும். மேலும், குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் நம்மவரிடையே இல்லையா? கடைத்தெருக் கோடியில் உள்ளார்க்கு நீர் ஏறாமைக்கு அதுவும் காரணமன்றோ? யாமும் குற்றமற்றவரல்லேம். மூன்று அரையாண்டுக் கட்டணத்தை, "எல்லாரும் கொடுக்கட்டும்" என்று யாமும் நிறுத்தி வைத்திருந்தோம். இவ்வுரைக்கென்று கணக்கிட அமர்ந்த இரவில், எம் நிலுவையை அண்டை வீட்டு விதவைத் தாயார் சிறிது சிறிதாகச் சுமந்து வந்ததை உணர்ந்தோம். மறுநாட் காலை சென்று செலுத்தினோம். பெருமைக்குச் சொல்லவில்லை, நாணத்தோடு சொல்லுகின்றோம்.

ஆதலின் தீர்மானத்தைத் திருத்துமாறு அவையை வேண்டுகின்றோம். முதலாவது, ஆண்டுச் செலவு, கடன், இறைத்த நீர், விலை பெற்ற நீர், நிலுவை ஆகியவற்றைத் தமிழில் எழுதி நகராட்சி வாயிலில் ஒட்டுக; அதன்பின் உயர்வு பேசுக. இரண்டாவது, ஒண்டுக்குடித்தனங்களுக்கும் மாணவர் இல்லங்களுக்கும் குடும்பத்தையோ தலையையோ எண்ணிப் படி வகுக்க. மூன்றாவது, உயர்வு வேண்டின் ஆண்டுதோறும் சிறிதாக, ஒழுக்குக் குறையும் அளவோடு பிணைத்து உயர்த்துக. நான்காவது, கழிநீர்க் கட்டணத்தில் எந்திரங்களுக்கு எவ்வளவு செலவாயிற்றென்று தனியே காட்டுக. மனிதனை இறக்குவதில்லை என்று உறுதி கூறுக. ஐந்தாவது நம்மைப் பற்றியது. சங்கத்தார் தம் நிலுவையை இத்திங்களுக்குள் செலுத்துக. உறிஞ்சும் மோட்டாரை எடுத்துவிடுக. மண்டபத்தைப் பற்றிய பிரிவை விட்டுவிடுக.

இவ்வைந்தனுள் முதல் நான்கும் பிறர் செய்ய வேண்டுவன. ஐந்தாவது நாளைக் காலையே நாம் செய்யத்தக்கது. ஐந்தாவதைச் செய்தவர் வாயினின்று வரும் நான்குக்கும் எடை உண்டு.  தீர்மானம் இனி உங்கள் கையது.